ஏற்காட்டில் பனி பெய்யுமா? மணாலியில் ஒரு சரிவில் பனி கிடக்க, எதிர்ச் சரிவு மொட்டையாக இருப்பது ஏன்?

ஏற்காட்டில் வெண்பனி பெய்யாது. நமக்குப் பனி என்றால் புல்லில் கோக்கும் துளியும், காலையில் ரோட்டை மறைக்கும் மூட்டமும்தான். வெப்பமண்டலத்தில் காற்று உறைநிலைக்குக் குளிர ஏறத்தாழ 5000 மீட்டர் உயரம் போக வேண்டும். ஏற்காடு 1500 மீட்டர்தான். நிலநடுக்கோட்டை ஒட்டியிருந்தும் கிளிமஞ்சாரோ உச்சியில் பனி கிடப்பது, அது 5895 மீட்டர் என்பதால்.

இரண்டாவது கேள்விக்குக் கண்ணால் பார்த்ததையே சொல்கிறேன். ஒரு மார்ச் மாதம் மணாலி போயிருந்தோம். சோலாங் பக்கம் தெற்கு பார்த்த சரிவில் புல் தெரிந்தது. வடக்கு பார்த்த சரிவில் முழங்கால் ஆழப் பனி. இரண்டிலும் விழுந்தது ஒன்றுதான், தங்கியதுதான் வேறு. குளிர்காலத்தில் அங்கே சூரியன் தெற்கே தாழ்வாகப் போகிறது. ஒரு சரிவில் வெயில் நேராக அடிக்கும், மற்றது பெரும்பாலும் நிழலில் கிடக்கும். காற்றும் சும்மா இருக்காது. முகட்டுப் பனியை வாரிக்கொண்டு போய் மறைவான பள்ளத்தில் கொட்டிவிடும்.

ஒரு தேவதாரு மரத்தடியில் குனிந்து பார்த்தேன். அடிமரத்தைச் சுற்றிச் சின்னக் கிணறு மாதிரி குழி, அதில் காய்ந்த ஊசியிலைகள். விழும் பனியில் ஒரு பங்கைக் கிளைகளே தாங்கிக்கொள்கின்றன. மிச்சத்தை வெயிலில் சூடான மரம் கரைக்கிறது. எங்கள் காப்பித் தோட்டம் நினைவுக்கு வந்துவிட்டது. மார்கழி விடியலில் சில்வர் ஓக் மரத்தடியில் நிற்கும் செடியின் இலை காய்ந்திருக்கும். நாலடி தள்ளி, வானம் பார்த்து நிற்கும் செடிக்குள் கை விட்டால் மணிக்கட்டு வரை நனையும். காரணம் வேறு: திறந்த இடம் இரவில் தன் சூட்டை வானத்துக்கு விட்டுக் குளிர்ந்துபோகிறது, மரத்தடியில் அது அவ்வளவாக நடக்காது. ஆனாலும் ஒரே ஒரு மரம் நாலடிக்குள் எல்லாவற்றையும் மாற்றிவிடுவதை இரண்டு மலையிலும் பார்த்தது எனக்குப் பெரிய விஷயம்.

காலமும் சேர்ந்துகொள்ளும். புதுப் பனி, மேலே விழும் வெயிலில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும், சட்டென்று கரையாது. பழசாகி, தூசி படிந்து கறுத்ததும் வெயிலைக் குடிக்க ஆரம்பிக்கும். அப்புறம் ஓரத்தில் மண் தெரிந்துவிட்டால் அந்த மண் சூடாகிப் பக்கத்துப் பனியையும் கரைக்கும். வட அரைக்கோளத்தில் ஜனவரியில் சுமார் 4.5 கோடி சதுர கிலோமீட்டரை மூடியிருக்கும் பனி, ஆகஸ்டில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. நிழல் சரிவில் மெதுவாகக் கரையும் பனியும் வெயில் காலத்தில் மணாலி வழியாக ஓடும் பியாஸ் ஆற்றுக்குத் தண்ணீர் தருகிறது.

நீங்கள் மார்ச்சில் போவதானால் வடக்கு பார்த்த சரிவு எது என்று விசாரித்து, காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் பனி இளகி, வைக்கிற காலெல்லாம் புதையும்.