வேலையை விட்டால்தான் நடிகர் ஆக முடியுமா?

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். வயது 26. சின்ன வயதிலிருந்தே நடிப்பு ஆசை. அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டு, சென்னையில் ரூம் எடுத்துத் தங்கி வாய்ப்பு தேடப்போகிறேன். விஜய் சேதுபதியும் அக்கவுண்ட்ஸ் பார்த்தவர்தானே, துணிந்து வேலையை விட்டதால்தானே ஜெயித்தார்? அப்பா வாங்கிய வீட்டுக் கடன் இன்னும் முடியவில்லை, அம்மா தினமும் அழுகிறார். என்ன செய்வது?
- ஆற்காடு வாசகர்

பதில்: தம்பி, உங்கள் ஆசையோடு எனக்கு ஒரு தகராறும் இல்லை. ஆனால் உதாரணத்துக்கு ஒருவரை இழுத்து வந்திருக்கிறீர்களே, அவர் கதையை முழுசாகப் பார்த்தீர்களா?

ராஜபாளையத்தில் பிறந்து எண்ணூரில் வளர்ந்தவர் விஜய் சேதுபதி. பி.காம் படித்தார், சேல்ஸ்மேன், பாஸ்ட் புட் கடை கேஷியர், டெலிபோன் பூத் என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார், அப்புறம் சம்பளம் கூட வருகிறதே என்று துபாய்க்குப் போய் கணக்கு எழுதினார். 2003இல் ஊர் திரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவர் நேராகப் போய் ஹீரோ ஆகிவிடவில்லை. இன்டீரியர் பிசினஸ் பார்த்தார், மார்க்கெட்டிங் கம்பெனியில் இருந்தார், அதற்குப் பிறகுதான் கூத்துப்பட்டறை என்ற சென்னை நாடகக்குழு. அங்கேயும் என்னவாகச் சேர்ந்தார் தெரியுமா? நடிகராகவும், கூடவே அக்கவுண்டன்டாகவும்! நீங்கள் தூக்கிப்போடத் துடிக்கிற அதே வேலைதான் அவரை நாடகக்குழுவுக்குள் உட்கார வைத்தது.

2006இல் 'புதுப்பேட்டை', 2009இல் 'வெண்ணிலா கபடி குழு', 2010இல் 'நான் மகான் அல்ல' என்று கூட்டத்தில் ஒருவராக வந்து போனார். இப்போது டிவியில் போடும்போது, "அட, இவரா!" என்று நாம் கையை நீட்டிக் காட்டுகிறோம், அன்றைக்கு யார் கவனித்தார்கள்? கதாநாயகனாக முதல் படம் 'தென்மேற்குப் பருவக்காற்று', 2010 டிசம்பரில்தான் வந்தது, அப்போது அவருக்கு 33 நெருங்கிவிட்டது. சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது வாங்கியும் அவர் முகம் ஊருக்கெல்லாம் பழக 2012இல் 'பீட்சா' வர வேண்டியிருந்தது, அதை எடுத்த கார்த்திக் சுப்புராஜ் அவரைக் குறும்படங்களில் நடிக்க வைத்தவர். துபாயிலிருந்து வந்து ஒன்பது வருஷம்! வேலையை விட்டதை மட்டும் எல்லோரும் ரீல்ஸ் போடுகிறார்கள், இந்த ஒன்பது வருஷத்தை எவன் போடுகிறான்?

இத்தனைக்கும் அவர் ஜெயித்தவர். அதே வருஷங்களில் அதே கோடம்பாக்கத்தில் அலைந்து வீடு திரும்பியவர்களின் பெயர் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இன்னொன்று, நீங்கள் ஆற்காட்டுக்காரர் என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கூத்துப்பட்டறையை 1977இல் தொடங்கிய ந. முத்துசாமியை ஆட்டிவைத்தது எது? நம்ம பழைய வடாற்காட்டுத் தெருக்கூத்துதான். செய்யாறு பக்கத்துப் புரிசைக்காரரான நடேசத் தம்பிரான் ஆடியதைப் பார்த்து அசந்துபோனவர் முத்துசாமி, பிறகு கண்ணப்பத் தம்பிரான் அந்த நடிகர்களுக்கே கூத்து சொல்லிக்கொடுத்தார். அதாவது நீங்கள் சென்னைக்குப் போய்த் தேடப்போகிற பள்ளிக்கூடத்துக்கு வேர் செய்யாறு பஸ் போகிற வழியில் இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும்போது ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாருங்கள். இரண்டு பேர் திரை பிடித்திருப்பார்கள், துரியோதனன் வேஷக்காரர் அதற்குப் பின்னால் நின்றே தன் பெருமையைப் பாடிக்கொண்டிருப்பார், முகம் தெரியாது, சலங்கை கட்டிய கால் மட்டும் தெரியும். திரை விலகியதும் அந்தக் கிரீடம், புஜக்கட்டை பாரத்தோடு கிறுகிறுவென்று சுற்றி வந்து, மூச்சு வாங்காமல் அடுத்த அடியை எடுப்பார். அந்த மூச்சு உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் கற்றுக்கொள்ளலாம், அதற்கு ராஜினாமா கடிதம் தேவையில்லை.

சரி, நடைமுறைக்கு வருவோம். வேலையை விடாதீர்கள், மாற்றுங்கள். தோல் கம்பெனிக் கணக்கு தெரிந்த ஆளுக்குப் பல்லாவரம், குரோம்பேட்டை பக்கம் வேலை தேடுவது ஒன்றும் குதிரைக்கொம்பு இல்லை. சினிமாக் கம்பெனிகளுக்கும் கணக்கு எழுத ஆள் வேண்டும், ஜிஎஸ்டியும் டேலியும் தெரிந்தால் அங்கேயும் கேட்டுப் பாருங்கள். வேலை கிடைக்கும் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் வாலாஜா ரோட்டில் ரயில் ஏறிப் போய் ஒரு நாடகக்குழுவில் பயிற்சி எடுங்கள், குறும்படம் எடுக்கிற பையன்களோடு சேருங்கள், சம்பளம் கேட்காதீர்கள். ஆனால் சான்ஸ் வாங்கித் தருகிறேன், ஆர்ட்டிஸ்ட் கார்டு எடுத்துத் தருகிறேன் என்று எவனாவது உங்களிடம் காசு கேட்டால் அந்த நம்பரை அப்போதே பிளாக் பண்ணிவிடுங்கள். நடிக்கிறவனுக்குத்தான் காசு கொடுப்பார்கள், அவனிடம் வாங்கமாட்டார்கள்.

அம்மா அழுவது சினிமாவைப் பார்த்து என்று நினைக்கிறீர்களா? எனக்கென்னவோ வீட்டுக் கடனைப் பார்த்து என்றுதான் தோன்றுகிறது. அவரிடம் கனவு, லட்சியம் என்றெல்லாம் பேசாதீர்கள். தவணை எந்த மாதம் முடிகிறது, அதுவரை மாதாமாதம் எவ்வளவு அனுப்புவீர்கள், சென்னை வாடகை போக கையில் என்ன நிற்கும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அது உங்கள் தொழில்தானே.