தெரிந்த நடிகரிடம் நாலு நாள் கேட்பது எப்படி?

கேள்வி: மதுரையில் இருக்கிறேன். இரண்டு குறும்படம் எடுத்த அனுபவம் உண்டு. முழுநீளப் படம் ஒன்றுக்கு 45 லட்சம் ஆகும், கையில் 12 லட்சம் இருக்கிறது. தெரிந்த முகம் இருந்தால்தான் பணம் போடுவோம் என்கிறார்கள், நடிகர் தரப்பிலோ பணம் ரெடியா என்று கேட்கிறார்கள். ஒருவர் 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தால் நடிகரைச் சந்திக்க வைப்பதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் என்பது நடிகர் கதை கேட்டு, தேதி சொல்லி, அக்ரிமென்டில் கையெழுத்துப் போடும்போது அவர் கணக்குக்குப் போகிற பணம். ஆரம்ப காலத்தில் நானும் இப்படி ஒருவரிடம் கொடுத்தேன். பிரிவியூ தியேட்டர் வாசலில் நடிகரோடு ஒரு செல்ஃபி கிடைத்தது.

45 லட்சத்துக்குள் ஹீரோ தேடுவது வீண் அலைச்சல். ஆனால் வருஷக்கணக்காக ஹீரோயின் அப்பா, இன்ஸ்பெக்டர், வில்லனின் மாமா என்றே வந்துபோகும் அருமையான நடிகர்கள் இருக்கிறார்கள். இதுவரை யாரும் தராத பாத்திரம் ஒன்று உங்களிடம் இருந்தால் அவர்கள் சம்பளத்தில் இறங்கி வருவார்கள், அதிக நாள் கால்ஷீட் தரத்தான் முடியாது. அதனால் அவர் வரும் சீன்களை மட்டும் தனியாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். 14 சீன் என்றால், அதில் 11 ஒரே வீட்டில் நடக்கிறது, மிச்சம் மூன்றும் பஸ் ஸ்டாண்டில் என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்றையும் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தால் கதை கெடுமா? கெடாது என்றால் நாலு நாளில் முடித்துவிடலாம். அப்புறம் போனில், “சார், நாலு நாள், மேலூர் பக்கம் ஒரே வீடு, பிப்ரவரி 10 முதல் 13, பவுண்டட் ஸ்கிரிப்ட் (முழுசாக எழுதி பைண்ட் செய்தது) ரெடி” என்று அனுப்புங்கள், கூடவே குறும்பட லிங்க். “பதினஞ்சு நாள் சார், முன்னபின்ன ஆகும்” என்றால் அந்த முன்னபின்னவுக்குப் பயந்தே போனை எடுக்க மாட்டார். இன்னொன்று, அவரோடு வரும் மேக்கப்மேன், உதவியாளர் பேட்டா எல்லாம் பெரும்பாலும் தயாரிப்பாளர் தலையில்தான் விழும். எத்தனை பேர் வருவார்கள் என்பதை அட்வான்ஸுக்கு முன்பே பேசிவிடுங்கள்.

பணத்துக்கு வருவோம். வட்டிக்குக் கொடுக்கும் பைனான்சியரிடம் போகவே போகாதீர்கள். 20 லட்சத்தை மாதம் 2 வட்டிக்கு வாங்கினால் மாதம் 40,000 ரூபாய். விழா, ஓடிடி பேச்சு என்று இரண்டு வருஷம் இழுத்தால் வட்டி மட்டும் 9,60,000. அதை அடைக்காமல் படம் ரிலீஸ் ஆகாது. வாராவாரம் வெள்ளிக்கிழமை காலைக் காட்சி ரத்து என்று படிக்கிறீர்களே, அதில் பலதும் இந்தக் கதைதான்.

கையில் இருக்கும் 12 லட்சத்தில் அந்த நாலு நாளையும் முதலில் எடுத்து, பத்து நிமிஷம் எடிட் செய்து, சவுண்டோடு காட்டுங்கள். பேப்பரில் இருக்கும் கதைக்குப் பணம் போடாதவர் படத்தைப் பார்த்தால் யோசிப்பார். 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கிய ‘கூழாங்கல்’ படத்தில் பிரபல முகமே கிடையாது. நயன்தாரா, விக்னேஷ் சிவன் நிறுவனம் உள்ளே வந்ததும் படத்தைப் பார்த்த பிறகுதான். கோவாவில் நவம்பரில் மத்திய அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகமான என்எப்டிசி நடத்தும் ஃபிலிம் பஜார் (இப்போது வேவ்ஸ் ஃபிலிம் பஜார்) என்ற திரைப்படச் சந்தையில் ஸ்கிரிப்ட்டுக்குத் தனி, எடிட்டிங்கில் இருக்கும் படத்துக்குத் தனி என்று பிரிவுகள் உண்டு. விண்ணப்பம் பல மாதம் முன்பே முடிந்துவிடும், தேதியைக் குறித்து வையுங்கள்.

ஊர்ப் பணம் (கிரவுட்ஃபண்டிங்) திரட்டுவதும் நடக்கிற காரியம்தான். கன்னடத்தில் பவன் குமார் ‘லூசியா’வுக்கு (2013) நூற்றுப்பத்துப் பேரிடம் சுமார் 51 லட்சம் திரட்டினார். ஆனால் கம்பெனி பங்காகக் கொடுப்பதென்றால் ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் போகக்கூடாது, முகநூலில் விளம்பரம் போட்டு விற்கவும் கூடாது. ஆடிட்டரைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

பணம் போடுபவர் மச்சானாகவே இருந்தாலும் இரண்டு விஷயத்தை முத்திரைத்தாளில் எழுதுங்கள்: வரும் முதல் ரூபாய் யாருக்கு, பட்ஜெட் எகிறினால் கூடுதல் பணம் யார் தருவது. இரண்டாவதை எழுதாமல் விட்ட ஒரு படத்தின் ஹார்ட் டிஸ்க் என் அலமாரியில் ஆறு வருஷமாகக் கிடக்கிறது.