காசு வாங்கிட்டா கட்டுரை அவங்களோடதா ஆயிடுமா?

திருச்சியில இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க. 2018-ல இருந்து ஒரு ஆன்லைன் பத்திரிகைக்கு ஃப்ரீலான்ஸா கோயில், ஊர் வரலாறுன்னு கட்டுரை எழுதிக் குடுத்திருக்காங்க, கட்டுரைக்கு இவ்வளவுன்னு பணம் பேங்க்ல வந்துடும், அக்ரிமென்ட் எதுவும் கிடையாது. இப்ப அந்த கம்பெனி எல்லாத்தையும் சேர்த்து இ-புக்கா விக்குது, இங்கிலீஷ்ல மொழிபெயர்த்திருக்கு, ஆடியோவாவும் போட்டிருக்கு, ஆடியோல இவங்க பேரே இல்ல. கேட்டதுக்கு "அதான் காசு குடுத்துட்டோமே"ன்னு சொல்லிட்டு, உரிமையை எழுதிக் குடுக்கிற மாதிரி ஒரு பேப்பரை அனுப்பி கையெழுத்து போடச் சொல்றாங்களாம்.

அந்தப் பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க மேடம். மத்ததெல்லாம் அப்புறம்.

காசு வாங்கினாலே உரிமை போயிடும்னு நிறைய பேர் நம்பிட்டு இருக்காங்க, 1957 காப்பிரைட் சட்டம் அப்படிச் சொல்லல. 17-வது பிரிவுப்படி எழுதினவங்கதான் முதல் உரிமையாளர். ஒரு கம்பெனியில வேலைக்கு இருந்து அந்த வேலையா எழுதினா கதை வேற, ஆனா உங்களுக்கு மாச சம்பளம் இல்ல, பி.எஃப். இல்ல, லீவு இல்ல, அதனால அந்த விதிவிலக்கை அவங்க பிடிச்சுக்க முடியாது. உரிமையை அவங்களுக்கு மாத்திக் குடுத்தீங்கன்னு சொல்லணும்னா 19-வது பிரிவுப்படி அது எழுத்துல இருக்கணும், உங்க கையெழுத்து இருக்கணும், எந்த கட்டுரை, என்னென்ன உரிமை, எத்தனை வருஷம், எந்த எல்லைக்குள்ள, எவ்வளவு பணம்னு அதுல வரணும். "அனுப்புங்க மேடம், போட்டுடலாம்"னு வந்த வாட்ஸப் மெசேஜ்ல இதெல்லாம் எங்க இருக்கு? அவங்க சைட்ல போட்டுக்க நீங்க அனுமதி குடுத்தீங்கன்னு வேணா அவங்க சொல்லலாம், அதை நாமளும் மறுக்க வேணாம். புத்தகமா விக்கிறது, மொழிபெயர்க்கிறது, ஒலிப்பதிவு பண்றது எல்லாம் 14-வது பிரிவுல தனித்தனி உரிமை, ஒண்ணைக் குடுத்தா மத்ததும் கூடவே போயிடாது.

நீங்க லெட்டர் கடைசியில போற போக்குல எழுதியிருந்த ஒரு விஷயம் ரொம்ப முக்கியம். முதல் ரெண்டு கட்டுரைக்கு மட்டும் 2018-ல "சகல உரிமையும் நிறுவனத்துக்கே"ன்னு அச்சடிச்ச வவுச்சர்ல கையெழுத்து போட்டேன்னு சொல்றீங்க. பயப்படாதீங்க. அது செல்லும்னே வெச்சுக்கிட்டாலும், காலம் எழுதலைன்னா 5 வருஷம்தான்னு சட்டமே சொல்லுது, அது 2023-லயே முடிஞ்சு போச்சு, எல்லை எழுதலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்தான், அதுலயும் வாங்கின உரிமையை 1 வருஷத்துக்குள்ள பயன்படுத்தலைன்னா, வேற மாதிரி எழுதியிருந்தா ஒழிய, அந்த உரிமை காலாவதி. 2018-ல எழுதி வாங்கிட்டு இப்ப வந்து ஆடியோ போட்டா எப்படி நிக்கும்? "நிரந்தரமாக, உலகம் முழுக்க, எல்லா வடிவத்திலும்"னு இப்ப புதுசா ஒரு பேப்பர் நீட்றதே, கையில ஒண்ணும் இல்லைங்கிறதாலதான்னு நினைக்கிறேன். அதுல பழைய தேதி போட்டிருக்கான்னும் பாருங்க.

பேர் விஷயம் எனக்கு உண்மையிலேயே கோபம் வர வெச்சது. உரிமையை மொத்தமா வித்துட்டா கூட, இது நான் எழுதினதுன்னு சொல்லிக்கிற உரிமை 57-வது பிரிவுப்படி எழுதினவங்ககிட்டயேதான் இருக்கும்.

இப்ப செய்ய வேண்டியது. இ-புக், ஆடியோ பக்கங்களை லிங்க், தேதி தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, நீங்க கட்டுரை அனுப்பின மெயில், பேங்க் ஸ்டேட்மென்ட், வவுச்சர் எதையும் அழிச்சுடாதீங்க. பதிவு பண்ணினாதான் காப்பிரைட்னு இல்ல, ஆனா பண்ணி வெச்சா கோர்ட்ல ஆதாரமா நிக்கும், ஒரு கட்டுரைக்கு 500 ரூபா ஃபீஸ். அப்புறம் ஒரு வக்கீல் நோட்டீஸ் விடுங்க. இ-புக்கை வேற தளத்துல வித்தாங்கன்னா அந்த தளத்துக்கும் எழுத்துல புகார் குடுக்கலாம், 36 மணி நேரத்துல முடக்கணும்னு 2013 காப்பிரைட் விதிகள் சொல்லுது, ஆனா 21 நாளுக்குள்ள நீங்க கோர்ட் ஆர்டர் காட்டலைன்னா திரும்ப போட்டுடலாம், அதனால கேஸ் பேப்பர் ரெடி பண்ணிட்டு புகார் குடுங்க. கம்பெனி சென்னையில இருந்தாலும் 62-வது பிரிவுப்படி நீங்க குடியிருக்கிற திருச்சி மாவட்ட கோர்ட்லயே கேஸ் போடலாம், அலைய வேணாம். 63-வது பிரிவுல போலீஸ் புகாருக்கும் வழி இருக்கு, 6 மாசத்துல இருந்து 3 வருஷம் வரை ஜெயில், ஆனா முதல்லயே அங்க போக வேணாம்ங்கிறது என் அபிப்பிராயம், நமக்கு வேணும்கிறது பணமும் பேரும்.

நோட்டீஸ் போனதும் அனேகமா பேச்சுவார்த்தைக்கு வருவாங்க. வந்தா எந்த மொழி, எந்த வடிவம், எத்தனை வருஷம், விற்பனையில எத்தனை சதவீதம் ராயல்டி, ஆடியோல பேர் எங்க வரும்னு எல்லாம் எழுதின டிராஃப்ட்டை கேளுங்க, அதை எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்க, பார்த்துச் சொல்றேன்.