பிரபஞ்சவியல் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு ஒரு வெள்ளோட்டம்

"மகள் பிரபஞ்சத்தின் தொடக்கத்தை ஆராயப் போகிறேன் என்கிறாள், நம்பி அனுப்பலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்பலாம். ஆனால் அன்றாட வேலை என்ன என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். விண்வெளித் தொலைநோக்கியை வைத்து ஆராய்பவர்கள் பெரும்பாலும் வானத்தைப் பார்ப்பதில்லை. நிரலையும் பிழை அளவுகளையும்தான் பார்க்கிறார்கள். 2023-இல் ஏவப்பட்ட யூக்ளிட் விண்வெளித் தொலைநோக்கியில், திரும்பத் திரும்பப் படமெடுத்த அதே விண்மீன்களின் ஒளி மெல்லக் குறைந்தது. காரணம், கண்ணாடிகளில் படிந்த சில பத்து நானோமீட்டர் பனி. 2024 மார்ச்சில் ஒரு கண்ணாடியைச் சூடாக்கி அதைப் போக்கினார்கள். இப்படிப்பட்ட சின்னக் குறையைத் துரத்துவதில் அவளுக்கு ருசி இருக்கிறதா என்பதே கேள்வி.

அதைச் சோதிக்கக் காசு வேண்டாம். பிளாங்க் விண்வெளித் தொலைநோக்கியின் நுண்ணலைப் பின்னணி வரைபடம், அதாவது பிரபஞ்சத்தின் தொடக்க காலத்திலிருந்து வரும் ஒளியின் வான வரைபடம், இலவசமாகக் கிடைக்கிறது. முழு வரைபடத்தில் 5 கோடி படப்புள்ளிகள். பைத்தானில் ஹீல்பை நிரல்தொகுப்பைக் கொண்டு என்சைடு (வரைபடத்தின் நுணுக்கத்தைக் குறிக்கும் எண்) 512-க்குக் குறைத்தால் சாதாரண மடிக்கணினியே போதும். நமது பால்வழியை மறைத்துவிட்டு, திறன் நிறமாலை கணக்கிடச் சொல்லுங்கள்; எந்தக் கோண அளவில் வெப்பநிலை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதைக் காட்டும் கோடு அது. பன்முனை எண் (இது கூடக் கூடக் கோண அளவு சிறிதாகும்) 220 அருகே முதல் முகடு எழ வேண்டும்.

முதல் தடவையிலேயே எழாது, அதுதான் நல்லது. பால்வழியை மறைக்காவிட்டால் அதன் ஒளியே எல்லாவற்றையும் மூழ்கடிக்கும். மறைத்த பிறகு, மிஞ்சிய வானப் பரப்பின் பின்னத்தால் வகுக்காவிட்டால் உயரம் குறைவாக வரும். கெல்வினை மைக்ரோகெல்வின் என்று எடுத்துக்கொண்டால் விடை ஒரு லட்சம் கோடி மடங்கு பிசகும். புள்ளிகளின் வரிசைமுறையை மாற்றிப் படித்தாலோ வானமே கலைந்துபோகும். விடை ஏன் தப்பியது என்று இரண்டு வாரம் சலிக்காமல் தேடுகிறாளா, கவனியுங்கள்.

தேடினால், இளநிலையில் இயற்பியலோ கணிதமோ எடுக்கட்டும்; கூடவே புள்ளியியல், நேரியல் இயற்கணிதம். வானியல் பாடம் பிறகு சேர்ந்துகொள்ளும். முனைவர் பட்டத்துக்குப் பல ஆண்டுகள் ஆகும். அதன்பின் இரண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்தங்களில், பெரும்பாலும் ஊர் மாறி மாறி வேலை. நிரந்தரப் பணியிடங்கள் விண்ணப்பிப்பவர்களைவிட மிகக் குறைவு, இதைப் பூசி மெழுக முடியாது. விலகுபவர்களுக்குத் தரவு அறிவியல், மருத்துவப் படிமப் பகுப்பாய்வு போன்ற துறைகளில் இடம் இருக்கிறது. நிரலை ஒழுங்காக எழுதிப் பழகியிருந்தால் மட்டும்.

கோடைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது அந்த முகடு வரைபடத்தோடு, சறுக்கிய இடங்களின் குறிப்பையும் இணைக்கட்டும்.