ஒரு நடைக்கு மூன்று செடி போதும்

கேள்வி: இந்த இளவேனிலில் நண்பர்கள் நாலைந்து பேர் காட்டுப் பாதையில் நடக்கப் போகிறோம். வழியில் தென்படும் மூலிகைகளை அடையாளம் காணக் கற்றுக்கொள்ள ஆசை. படம் போட்ட புத்தகமும் வாங்கியாயிற்று. ஒரு நடையில் எத்தனை செடிகளைக் கற்றுக்கொள்ள முடியும்?

பதில்: மூன்று. ரொம்பக் குறைவு என்று தோன்றும், ஆனால் முப்பது பெயர்களைக் குறித்துக்கொண்டு வந்து மறுவாரம் அதில் ஒரு செடியைக்கூடக் காட்ட முடியாமல் நின்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு செடிக்குப் பக்கத்தில் கால் மணி நேரம் உட்காருங்கள். தண்டு உருண்டையா சதுரமா, இலைகள் எதிரெதிராக வருகின்றனவா மாறி மாறியா, இலையின் அடிப்பக்கம் ரோமம் இருக்கிறதா, கிள்ளினால் பால் வடிகிறதா (வடிந்தால் அந்தக் கையைக் கண்ணுக்குக் கொண்டு போகாதீர்கள்) என்று எழுதிக்கொள்ளுங்கள். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, வரைந்தும் பாருங்கள். வரைய ஆரம்பித்த பிறகுதான், இலைக்குக் காம்பு இருந்ததா இல்லையா என்பதையே நாம் கவனிக்கவில்லை என்று தெரியவரும்.

கீழாநெல்லியை எடுத்துக்கொள்வோம். பார்த்தவுடன் புளிய இலை மாதிரி கூட்டிலை, அதாவது பல சிற்றிலைகள் சேர்ந்த ஒரே இலை என்று நினைப்போம். ஆனால் அந்தக் குட்டி இலைகளின் அடியில், இலை கிளம்பும் இடத்தில், பூவும் காயும் தொங்கும். கூட்டிலையின் சிற்றிலைகளில் அப்படிப் பூ வராது. ஆக, நாம் ஒரு இலை என்று நினைத்தது உண்மையில் ஒரு சின்னக் கிளை! இது பிடிபட்ட நாளில் எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. சரி, அதோடு முடிந்ததா என்றால் இல்லை. இதே அமைப்பில் இதன் உறவுச் செடிகள் பல இருக்கின்றன. ஒன்றில் தண்டு சிவந்து, காய்கள் காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டு, சொரசொரப்பாக இருக்கும். கீழாநெல்லியில் காய்க்குச் சிறு காம்பு உண்டு, மேல்பரப்பு வழவழப்பாக இருக்கும்.

இளவேனிலுக்கென்று ஒரு தனி ஆபத்து உண்டு. தளிர் விடும் நேரத்தில் பல செடிகளில் பூ இருக்காது, இலையை மட்டும் வைத்து முடிவு செய்யத் தோன்றும். ஐரோப்பியக் காடுகளில் காட்டுப்பூண்டு துளிர்க்கும் அதே நாட்களில் கோல்சிகம் என்ற நச்சுச்செடியின் இலைகளும் வெளியே வரும். அதன் பூ வருவது இலையுதிர் காலத்தில், அப்போது இலை இருக்காது. பூண்டு என்று நினைத்து இதைத் தின்று இறந்தவர்கள் இருக்கிறார்கள். கசக்கி முகர்ந்தால் தெரியாதா என்று கேட்கலாம். முதல் இலையைக் கசக்கிய விரலிலேயே பூண்டு மணம் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எந்த இலையை எடுத்தாலும் பூண்டாகத்தான் மணக்கும். அதனால் நச்சுச்செடிகளை முதலில் கற்றுக்கொள்ளுங்கள், மூலிகை பிறகு வரட்டும்.

கேள்வி: கைப்பேசிச் செயலியில் படம் எடுத்தால் பெயர் வந்துவிடுகிறதே, அது போதாதா?

பதில்: தேடலைத் தொடங்க நல்ல உதவி. ஆனால் அது தருவது ஊகம்தான். ஒரே ஒரு இலையைப் படம் எடுத்துவிட்டு நம்பாதீர்கள். கணு, இலையின் பின்பக்கம், பூ, காய் எல்லாவற்றையும் எடுங்கள். பிறகு புத்தகத்தில் உள்ள விவரிப்போடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

கேள்வி: தமிழ்ப் பெயர் தெரிந்தால் போதுமா, வாயில் நுழையாத அறிவியல் பெயரும் வேண்டுமா?

பதில்: வேண்டும். கரிசலாங்கண்ணி என்கிறோம், வெள்ளைப் பூ பூப்பது எக்லிப்டா, மஞ்சள் பூ பூப்பது வெடெலியா, இரண்டும் வெவ்வேறு பேரினம். அந்த மஞ்சள் பூச் செடிக்கும், தோட்டங்களில் தரைமூடியாக வளர்க்கும் மூன்று மடல் இலைக்கொடிக்கும் குழப்பம் வேறு. சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் தாம் அறிந்த தாவரங்கள் எல்லாவற்றுக்கும் இரட்டைச் சொல் பெயர் வைத்த முறைதான் இன்றும் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறது.

கேள்வி: கொஞ்சம் நுனி நாக்கில் வைத்து ருசி பார்த்தால் மூலிகையா என்று தெரிந்துவிடும் என்கிறார் எங்கள் நண்பர். சரியா?

பதில்: வேண்டவே வேண்டாம். நஞ்சுக்கென்று ஒரு தனி ருசி கிடையாது. செங்காந்தளைப் பாருங்கள், இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிவிடும், அதை வைத்தே பூ இல்லாமலும் அடையாளம் காணலாம். அதன் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று தவறாகத் தின்றவர்கள் உண்டு. அதில் இருப்பது கோல்ச்சிசின், மேலே சொன்ன கோல்சிகத்தில் இருக்கும் அதே நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. மருத்துவர்கள் கவுட் என்னும் மூட்டுவலிக்கு இதையேதான் மிகச் சிறிய அளவில் தருகிறார்கள். யாராவது தெரியாமல் எதையாவது தின்றுவிட்டால் வாந்தி வருகிறதா என்று காத்திருக்காதீர்கள், இந்த நஞ்சு வேலையைக் காட்டவே பல மணி நேரம் ஆகும். அந்தச் செடியையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.