வயலின், கஞ்சிரா, இப்போது வீணையா?

அன்புள்ள ஐயா,

மகளுக்கு 14 வயது. ஆறு வருடமாக வயலின். போன வருடம் கஞ்சிராவும் பிடித்துக்கொண்டாள். இப்போது வீணை வேண்டுமாம். ‘பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்’ என்கிறார் வயலின் வாத்தியார். இசையே தொழில் என்றிருக்கும் பெண்ணை இப்படி விடலாமா?

க., மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள க.,

வீணை எஸ். பாலசந்தர் (1927–1990) சிறுவயதில் கஞ்சிரா (ஒரு கையில் பிடித்து மறு கையால் தட்டும் சிறு தோல் வாத்தியம்) வாசித்தார், பிறகு சிதார். வீணைக்குக் குருவே கிடையாது. ஆனாலும் பெயர் நின்றது வீணையில்தான். பாலமுரளிகிருஷ்ணா வயோலாவும் கஞ்சிராவும் வாசித்தவர். வேர் என்னவோ குரல். வாத்தியம் மாறினாலும் காது கூடவே வரும், தாளக் கணக்கும் வரும். கைதான் வராது.

வயலினில் விரல் தந்தியின் நீளத்தில் வழுக்கும். வீணையில் மெட்டின் (தந்திக்கு அடியில் வரிசையாக இருக்கும் உலோகக் கட்டை) மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். சில மாதத்தில் ஆள்காட்டி, நடுவிரல் நுனிகளில் தந்தித் தடம் விழும். அந்த விரல் வயலினில் சறுக்கும்போது சிக்கும். ஜாரு, அதாவது ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்குவது, உடைந்து கேட்கும். முதல் வருடம் வீணை நாளுக்கு 20 நிமிடம் போதும், அதுவும் வயலின் சாதகம் முடிந்தபின்.

கஞ்சிராவும் அப்படியே, கடைசியில்தான். மிருதங்கத்தில் இரண்டு கை செய்வதை இங்கே வலது கை ஒன்றே செய்கிறது. வில் பிடிப்பதும் அதே மணிக்கட்டு. தட்டிவிட்டு வந்து வில்லை நீளமாக இழுத்தால் நடுக்கம் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலூர்க் காற்றிலேயே கஞ்சிராத் தோல் தளர்ந்திருக்கும். வழக்கம்போலத் தண்ணீர் தடவினால் நாதம் செத்துவிடும். உள்பக்கம் ஓரிரு துளி தொட்டு, ஐந்து நிமிடம் பொறுத்துத் தட்டிப் பார்க்கட்டும். உடும்புத் தோல் என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஆட்டுத்தோல் போதும்.

வீணைக்குப் பலா மரம் தேடி தஞ்சாவூர்க்காரர்களே உங்கள் பண்ருட்டிக்கு வருகிறார்கள். ஆனால் மரத்தைவிட மேளத்தை, அதாவது மெட்டுகள் ஸ்வரம் பிசகாமல் பதிந்திருக்கிறதா என்பதைப் பாருங்கள். 24 மெட்டும் மெழுகில்தான் உட்கார்ந்திருக்கின்றன. சித்திரை வெயிலில் காருக்குள் விட்டால் மெழுகு இளகி மெட்டு நகரும். மறுபடி மேளம் கட்ட ஆள் தேடி அலைய வேண்டும்.

தொழில் என்று பார்த்தால், வானொலியில் வாசிக்க எழும் தகுதித் தேர்வு ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி. வயலினுக்கு முதலில் போகட்டும்.

வாத்தியாரிடம் ஒன்று கேளுங்கள்: பைரவி ராகத்து அட தாள வர்ணம் (ஒரு பயிற்சி உருப்படி) மெதுவாகவும் இருமடங்கு வேகத்திலும், இரண்டு காலத்திலும் அபஸ்வரம் இல்லாமல் வருகிறதா? வருகிறதென்றால் வீணை வாங்குங்கள். இல்லையென்றால் இன்னும் ஒரு வருடத்துக்கு இரவல் வீணை போதும்.