பத்துத் தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன். தேன் சட்டத்தின் மெழுகு மூடியைச் சீவ எந்தக் கருவி வாங்கலாம்? மின்சாரக் கத்தி தேவையா?

பத்துப் பெட்டி வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள், ஆனால் எந்தப் பெட்டி என்று சொல்லவில்லை. நம் ஊர் அடுக்குத் தேனீ, நியூட்டன் பெட்டி என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் மின்சாரக் கத்தி வேண்டாம். பல் வைத்த மெல்லிய கத்தி ஒன்று, ஊசி முள் ஒன்று. இவ்வளவுதான் நானும் மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் இத்தனை வருடமாக வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன்.

காரணம் சட்டத்தின் அளவு, அதாவது அடை கட்டியிருக்கிற மரச்சட்டத்தின் அளவு. நியூட்டன் பெட்டியின் தேன் அறைச் சட்டம் உள்ளளவில் சுமார் 20 செ.மீ. நீளம், 6 செ.மீ. உயரம். அதைச் சீவ உள்ளங்கை அகல வேலை போதும். இணையத்தில் பார்க்கிற பளபளக்கும் கத்திகள் எல்லாம் இத்தாலியத் தேனீ வளர்க்கிற லாங்ஸ்ட்ராத் பெட்டிக்காகச் செய்தவை. அதில் பெரிய சட்டத்தின் உயரமே 23 செ.மீ. வரும். மேல் கட்டையிலும் கீழ்க் கட்டையிலும் அணைத்துக்கொண்டு ஒரே இழுப்பில் சீவ 25 செ.மீ.க்குக் குறையாத அலகு வேண்டும், சூடும் இருந்தால் வேலை ஓடும். நூறு பெட்டி வைத்து, கரண்ட் உள்ள அறையில் உட்கார்ந்து சீவுகிறவர் அதை வாங்கட்டும். நமக்கோ தோட்டத்திலேயே சீவி, தோட்டத்திலேயே தேன் எடுக்கிற மெஷினைச் சுற்றி, காலிச் சட்டத்தை அப்படியே பெட்டியில் திருப்பி வைக்க வேண்டும். ரப்பர் மரத்தடியில் பிளக் பாயிண்ட்டுக்கு எங்கே போவது?

இன்னொன்று, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு இல்லாத மலிவு மின்கத்தி தேனைக் கருக்கிவிடும். மெழுகு உருக 62–64 டிகிரி போதும். அந்தக் கத்தி அதைத் தாண்டி ஏறிக்கொண்டே இருக்கும். அலகில் ஒட்டிய தேன் கருகி, பிறகு சீவும் ஒவ்வொரு அடையிலும் அந்த வாசம் ஏறும்.

சரி, சாதாரணக் கத்தியை வெந்நீரில் முக்கிச் சீவலாமே என்பீர்கள். முதல் இரண்டு பருவம் நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு பாத்திரத்தில் வெந்நீர், இரண்டு கத்தி, மாற்றி மாற்றி முக்கி எடுத்து, சொட்டச் சொட்டச் சீவுவேன். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மக்கா, தேன்ல எதுக்குத் தண்ணி கலக்குத?" என்றார். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். ரெண்டு மாதத்தில் நாலு கேன் நுரைத்து, மூடி உப்பி, புளித்த வாடை. தப்பு தண்ணீர் மேல் மட்டும் இல்லை. ரப்பர் தேன் இயல்பிலேயே ஈரம் கூடியது. தளிர் விடும் பருவத்தில் இலைக்காம்பில் சுரக்கிற இனிப்பு அது. தேன் வரத்து மும்முரமாக இருக்கும்போது வாரம் ஒரு தடவை எடுத்துக்கொண்டிருந்தோம், அடையில் பாதிக் கண்ணறைக்கு மூடியே போட்டிருக்காது. அதன் மேல் என் வெந்நீரும் சேர்ந்தால் என்ன ஆகும்? இப்போதெல்லாம் முக்கால் பாகமாவது மூடியிருந்தால்தான் சட்டத்தைத் தொடுவேன். கத்தியை எப்போதாவது சூடாக்கினாலும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத்தான் அடையில் வைப்பேன். வெயிலில் இதமாக இருக்கிற சட்டத்துக்குச் சூடே தேவைப்படாது.

கத்தி எப்படி இருக்க வேண்டும்? பிரெட் வெட்டுகிற ரம்பப்பல் கத்தி நன்றாகவே வேலை செய்யும். அலகு வளையாமல், மெல்லிசாக, துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். தேன் புளிப்புத்தன்மை உள்ளது, சாதா இரும்பில் ஒட்டியிருந்தால் கறுக்கும். சட்டத்தை ஒரு ஆணி முனையில் நிறுத்தி, லேசாக முன்பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். சீவிய மூடி அடையில் திரும்ப ஒட்டாமல் கீழே விழும். அழுத்தாமல் அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுங்கள். கீழிருந்து மேலே சீவுகிறவர்கள் சட்டம் பிடித்த கட்டைவிரலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அங்கே ஒரு தழும்பு இருக்கிறது.

அடை எப்போதும் சமமாக இருக்காது. பள்ளத்துக்குக் கத்தி எட்டாது, அங்கேதான் ஊசி முள். கடையில் அன்கேப்பிங் ஃபோர்க் என்று கேளுங்கள், சீப்பும் முள்கரண்டியும் சேர்ந்தது போல இருக்கும், சில நூறு ரூபாயில் முடியும். இதைப் பிறாண்டத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பிறாண்டினால் மெழுகுத் தூள் தேனில் விழுந்து வடிகட்டித் துணியை அடைக்கும். ஊசியைப் படுக்கை வாட்டில் மூடிக்கு அடியில் நுழைத்து மேலே நெம்புங்கள், தகடாக வந்துவிடும். மூடிக்கும் தேனுக்கும் இடையில் காற்று விட்டு வெள்ளையாக மூடியிருந்தால் இன்னும் சுலபம். பத்துப் பெட்டிக்கு முள் மட்டுமே வைத்துக்கூட முடித்துவிடலாம், நேரம்தான் ஆகும்.

முள் உருளை வாங்கி ஒரு நாள் உருட்டினேன். பத்தாவது சட்டத்தில் பல்லெல்லாம் மெழுகு. புது அடை என்றால் அமுங்கியும் போகிறது. ஹீட் கன் பிடித்தால் மூடி நொடியில் சுருங்கும், ஆனால் மெழுகு கையில் கிடைக்காது, இளம் அடை உருகியும் விடும். எதில் சீவினாலும் அடை உடையக்கூடாது என்பதுதான் எனக்குக் கணக்கு. ஒரு கிலோ மெழுகு கட்டத் தேனீக்கள் ஆறிலிருந்து எட்டுக் கிலோ தேன் செலவழிக்கும் என்பார்கள். உடைந்த அடைக்கு அவை திரும்பத் தேனைத்தான் கரைக்க வேண்டும்.

சீவும்போது கொசுவலைக்குள் உட்காருங்கள். வாசம் பிடித்தால் பக்கத்துப் பெட்டித் தேனீக்களும் திருட வந்துவிடும். சீவல்களைத் துணியில் கட்டி ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டால் சொட்டுகிற தேன் தனி ருசி, அதை நான் விற்பதில்லை.

அப்புறம், கத்தியைத் தேனுக்கென்றே தனியாக ஒளித்து வையுங்கள். எங்கள் வீட்டில் ஒரு தடவை அதை வைத்து வெங்காயம் வெட்டிவிட்டார்கள்.